அமரர் அனுப்பிய பணம்

மாடி வீட்டுக்காரர் முதன்முதலாக என் கதவைத் தட்டியது, தான் இறந்துவிட்டதாகச் சொல்வதற்கு. கையில் ஏடிஎம் கார்டு வைத்திருந்தார். சட்டைப் பையில் ஒரு பேனா. நன்றாகச் சவரம் செய்த முகம்.

"சார், நீங்க பேங்க்ல இருந்தவங்கன்னு வாட்ச்மேன் சொன்னாரு. நாலு நாளா கார்டு போட்டா பணம் வர மாட்டேங்குது. பிராஞ்சுக்குப் போன் பண்ணினேன். அக்கவுண்ட் ஹோல்டர் இறந்துட்டாருன்னு சிஸ்டம்ல காட்டுதாம். நான்தான் சார் அந்த அக்கவுண்ட் ஹோல்டர்."

"உக்காருங்க" என்றேன். "எப்ப இறந்தீங்கன்னு ஏதாவது சொன்னாங்களா?"

அவர் சிரிக்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த அடுக்ககத்துக்கு அவர் குடிவந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கேயே பக்கத்தில் வாடகைக்கு இருந்தார். மனைவி இறந்த பிறகு வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே வந்திருந்தார். இதற்கு மேல் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. முப்பத்தாறு வருஷம் வங்கியில் இருந்தவனுக்கு மனிதர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் படிவத்திலேயே இருக்கும் என்பது அப்போதைய என் எண்ணம். அந்த வருஷங்களில் பாதிக்கு மேல் அந்நியச் செலாவணி மேஜையில் கழிந்தது.

நடந்தது எளிமையானது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்த கணக்கு. இரண்டாவது பெயரான மனைவி இறந்ததும் அவர் இறப்புச் சான்றிதழோடு முறைப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார். கணினியில் ஏற்றியவர் இரண்டாவது பெயருக்கு நேராகப் போட வேண்டிய குறியை முதல் பெயருக்கு நேராகப் போட்டுவிட்டார். கட்டம் ஒன்று மேலே போய்விட்டது, அவ்வளவுதான். நான் வேலை பார்த்த வங்கி அல்ல; ஆனால் இந்தத் தவறு எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் நடக்கும்.

மறுநாள் அவரோடு கிளைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தாள், எங்களைப் பார்க்கவில்லை.

"டெத் சர்டிபிகேட் ஒரிஜினல் கொண்டு வந்திருக்கீங்களா சார்?"

"இறந்தவரையே கொண்டு வந்திருக்கேன்மா" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். மாடி வீட்டுக்காரர் லேசாகக் கும்பிட்டார்.

"அப்ப லைஃப் சர்டிபிகேட் குடுங்க."

"அது பென்ஷனுக்கு. உங்களுக்கு வேணுங்கிறது ஒரு விண்ணப்பம், ஆதார் நகல், பான் நகல், உங்க மேனேஜரோட ஒரு கையெழுத்து. மொத மூணும் இந்தக் கவர்ல இருக்கு. மேனேஜர் எங்க?"

ஒரு வாரத்தில் அவர் பிழைத்தார். கார்டும் வேலை செய்தது.

இந்த இடத்தில் என் குறையைச் சொல்லிவிட வேண்டும். மேனேஜர் கணக்கு விவரத்தை அச்சடித்துக் கொடுத்தபோது அதில் இருந்த மின்னஞ்சல் முகவரியைப் பார்த்தேன். அவருடையது போல இல்லை. கேட்டேன்.

"பையனோடது சார். அவன்தான் நெட் பேங்கிங் எல்லாம் போட்டுக் குடுத்தான். எனக்கு ஈமெயில் எதுக்கு?"

"மாத்திடலாமா?"

"அப்புறம் பாத்துக்கலாம் சார்."

வாடிக்கையாளர் 'அப்புறம்' என்று சொன்னால் பேனாவைக் கையில் திணிக்கிற ஆள் நான். அன்றைக்கு மணி ஒன்றரை, பசி. விட்டுவிட்டேன். கணக்குக்காரர் இறந்ததாகக் குறி போட்டால் பதிவான மின்னஞ்சலுக்கு இரங்கல் கடிதம் தானாகப் போகும் என்பது எனக்குத் தெரியும். குறியை எடுத்தால் எந்தக் கடிதமும் போகாது என்பதும் தெரியும். சாவுக்கு வாசகம் தயாராக இருக்கிறது. ஆள் பிழைத்துவிட்டார் என்று சொல்ல எந்த வங்கியும் வாசகம் எழுதி வைக்கவில்லை. இரண்டும் தெரிந்தவன் இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி அவர் மறுபடி கீழே வந்தார். மகனுக்கு ஜெர்மனிக்குப் பணம் அனுப்ப வேண்டும்.

துவாக்குடியில் இன்ஜினியரிங் படித்துவிட்டுப் போனவன். அங்கே வேலை போய், புது வேலை தேடிக்கொண்டிருந்தான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊருக்குப் பணம் அனுப்புவதுதான் நம் தெருவில் தெரிந்த திசை. எதிர்த் திசையில் எவ்வளவு போகிறது என்பது செலாவணி மேஜையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். பெற்றவர்கள் அதை வெளியே சொல்வதில்லை. படிவத்தை எடுத்துவைத்து நிரப்பினேன். அனுப்புபவர், பெறுபவர், உறவுமுறை, இருபத்திரண்டு எழுத்துக் கணக்கு எண், நோக்கம்: நெருங்கிய உறவினர் பராமரிப்பு. ஒவ்வோர் எழுத்தையும் அவர் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொல்லி எழுதினேன்.

"அம்மா காரியத்துக்கு வந்துட்டுப் போனாரா?" என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"அவனுக்குச் சொல்லலை சார்."

பேனா நின்றது.

வேலை போன சமயத்தில் மகன் பணம் கேட்டிருக்கிறான். இவர் ஊருக்குத் திரும்பி வா என்றிருக்கிறார். பேச்சு தடித்து, அவன் எண்ணைத் தன் போனில் தடுத்துவிட்டார். அம்மாவோடு மட்டும் அவன் பேசிக்கொண்டிருந்தான். அவளுக்கு ஒரு நாள் நெஞ்சு வலி. நான்கு நாள் ஆஸ்பத்திரி. இரண்டாம் நாள் அவள், "அவனுக்கு மாசாமாசம் ஏதாவது அனுப்புங்க" என்றாள். நான்காம் நாள் போய்விட்டாள். அவளுடைய போன் ஆஸ்பத்திரியிலேயே சார்ஜ் இறங்கி அணைந்தது. இவர் அதை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். காதல் கல்யாணம், இருவர் வீட்டாரோடும் முப்பது வருஷமாகப் போக்குவரத்து இல்லை. அவனுக்குச் சொல்வதற்கு உலகத்தில் இவரைத் தவிர ஆள் இல்லை.

"கோவத்துல மொத நாள் சொல்லலை. மறுநாள் சொல்லலாம்னு பாத்தேன். ஒரு நாள் தள்ளிப்போனதை எப்படிச் சொல்றது? அப்புறம் ஒரு வாரம் ஆச்சு. இப்ப எந்த வாயால சொல்லுவேன்?"

"சொல்லித்தான் ஆகணும்" என்றேன்.

"சொல்றேன் சார். மொதல்ல பணம் போகட்டும்."

பணம் போனது. அடுத்த மாதமும் போனது. அதற்கடுத்த மாதமும். திரும்பி வரவில்லை என்பதே அவருக்குப் பதில். "எடுத்துக்கிறான் சார். நல்லா இருக்கான்" என்பார். கணக்கில் பணம் சேர்வதற்கும் கணக்குக்காரர் நன்றாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை என்பதை நான் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த அமாவாசைக்குக் காலையில் காவிரிக்குப் போனேன். தர்ப்பணம் முடித்துத் திரும்பும் வழியில் ஒரு அன்னதானக் கூடம் உண்டு. வாசலில் கரும்பலகை. தினமும் அன்றைய உபயதாரர் பெயரைச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதுவார்கள். பழக்கத்தில் வாசிப்பேன், எழுதியிருப்பதை வாசிக்காமல் தாண்டிப் போக எனக்கு வராது. 'இன்றைய அன்னதானம்' என்று மேலே. அதன் கீழே 'அமரர்' என்று போட்டு மாடி வீட்டுக்காரர் பெயர். இனிஷியல் இரண்டும் சரி. ஃபோர்மேன் (ஓய்வு), கைலாசபுரம். நினைவாக. உபயம்: குமாரர், ஜெர்மனி.

நான் அன்றைக்குக் காலையில்தான் அவரை மாடிப்படியில் பார்த்திருந்தேன். பால் பாக்கெட்டோடு ஏறிக்கொண்டிருந்தார். இருந்தாலும் பலகையின் முன்னால் நின்றபோது, பார்த்தது இன்றைக்கா நேற்றா என்று ஒரு கணம் எனக்கு நிச்சயமில்லாமல் போயிற்று. எழுத்தில் இருப்பதை நம்பியே பழகிய மூளை. எழுத்துக்கும் ஆளுக்கும் சண்டை வந்தால் அது முதலில் ஆளைத்தான் சந்தேகிக்கும்.

கூடத்து மேனேஜர் எனக்கு முகப் பழக்கம். கேட்டேன்.

"ஆமா, மூணாவது அமாவாசை. ரொம்ப சிரத்தையான பிள்ளை. ஆத்துல எல்லாரும் முன்னாடி இங்கே வந்திருக்காளாம், அதான் நம்ம கூடத்துக்கு அனுப்பறார். உங்களுக்குத் தெரிஞ்சவாளா?"

"பக்கத்து வீடு" என்றேன். மேல் வீடு என்று திருத்தத் தோன்றவில்லை.

"பாவம். தகப்பனார் போன சேதியே பேங்க்லேர்ந்து மெயில் வந்துதான் அவருக்குத் தெரியுமாம். ஃப்ரெண்டை அனுப்பிப் பாத்தா வீடு பூட்டிக் கிடந்ததாம். அம்மா மட்டும் மாசாமாசம் பணம் அனுப்பறாளாம், ஒரு வார்த்தை பேசறதில்லையாம். காரியத்துக்கு வரலைன்னு கோவம் போலருக்கு. அந்தப் பணத்தைத் தொட மனசு வரலை மாமா, அப்பா பேர்லயே போட்டுடுங்கோன்னு போன்ல அழுதார். வெளிநாட்டுப் பணமாச்சே, ஏதாவது சிக்கல் வருமோ?"

இந்தியக் குடிமகன் தன் சொந்தக் கணக்கிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது என்று விளக்கினேன்.  

வீட்டுக்கு வரும் வழியில் எல்லாம் பொருந்தியது. இரங்கல் கடிதம் மகனுக்குப் போயிருக்கிறது. அப்பாவின் எண் கிடைக்கவில்லை, அம்மாவின் எண் அணைந்திருக்கிறது, வீடு பூட்டியிருக்கிறது. பிறகு, தலைப்பில் இன்னும் இருவர் பெயரும் இருக்கும் அந்தக் கணக்கிலிருந்து மாதம் தவறாமல் பணம் வருகிறது. கணக்கில் மீதி இருப்பவர் அனுப்புகிறார். மீதி இருப்பது அம்மா. கிளார்க் யாராக இருந்தாலும் இந்த முடிவுக்குத்தான் வருவார். நானே வந்திருப்பேன்.

மாடிக்குப் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

"எத்தனை மணிக்கு சார் சாப்பாடு?"

"என்ன?"

"பலகையப் பாக்கணும்."

பதினொன்றரைக்குப் போனோம். பலகையின் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஆலையில் அறிவிப்புப் பலகையை அப்படித்தான் நின்று படித்திருப்பார். உள்ளேயிருந்து பரிமாறுபவர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"வாங்கோ வாங்கோ, முதல் பந்தியிலேயே இடம் இருக்கு."

நான் வேண்டாமென்று கையசைத்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாம்பார், பூசணிக்காய்க் கூட்டு, வாழைக்காய்ப் பொரியல், ஒரு கரண்டி பாயசம். எதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். எதிர் வரிசையில் இருந்த வயதானவர் மோருக்குக் கை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"இன்னைக்கு யாரு புண்ணியத்துல சாப்புடுறோம்?"

"யாரோ ஃபோர்மேனாம்" என்றார் மாடி வீட்டுக்காரர்.

"நல்ல மனுஷனா இருந்திருக்கணும். பிள்ளை செய்யுதே."

"அதெல்லாம் தெரியலைங்க" என்று இவர் இலையை மடித்தார்.

இரண்டு மணிக்கு என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மகனின் எண்ணுக்கு விதித்திருந்த தடையை எடுத்தோம். அங்கே காலை நேரம். ஸ்பீக்கரில் போடச் சொன்னார். என் மனைவி சமையலறை வாசலில் நின்றாள். மூன்றாவது மணியில் எடுத்துவிட்டான்.

"டேய், அப்பாடா."

தொடர்பு இருந்தது; பின்னால் ஏதோ டிராம் போகிற மாதிரி ஓசை.

"யார் பேசுறது?"

"அப்பாதான்டா பேசுறேன்."

"எங்கப்பா நம்பர்லேர்ந்து பேசுறீங்க. எங்கப்பா குரல்லயே பேசுறீங்க." அவன் குரலில் கோபம் இல்லை, சலிப்பு இருந்தது. "போன வாரம் என் ரூம்மேட்டுக்கு அவன் தங்கச்சி குரல்ல வந்துச்சு. குரலை எல்லாம் இப்ப மெஷினே பண்ணுதுன்னு எல்லாருக்கும் தெரியுங்க. எவ்வளவு கேக்கப் போறீங்க?"

"பணம் கேக்கலைடா. நான் உயிரோட…"

"சரி. அம்மாகிட்ட குடுங்க."

இவர் போனை மேஜையிலிருந்து கையில் எடுத்துக்கொண்டார்.

"அம்மா ஒரு வார்த்தை பேசட்டும், நம்பறேன். பக்கத்துலதானே இருப்பாங்க? குடுங்க."

அவர் என்னைப் பார்த்தார், என் மனைவியைப் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

"வீடியோல கூப்பிடுங்க" என்றேன். "இல்லை நான் பேசறேன். கடிதம் எழுதறேன், பேங்க் மேனேஜர் கையெழுத்தோட வாங்கித் தரேன், உங்க ஆதாரை வெச்சு…"

"என்னை நம்ப வைக்கிறது பெருசில்ல சார். முகத்தைக் காட்டினா நம்பிடுவான். அடுத்த கேள்வி என்ன கேப்பான்?"

பதில் எல்லாருக்கும் தெரியும். வங்கிக்கு ஒரு இறப்புச் சான்றிதழ் போயிருக்கிறது. அப்பா உயிரோடு இருந்தால் அது யாருடையது?

மறுநாள் முழுக்க அவர் கீழே வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்து நிதானமாகப் பேசினார். ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவரின் நிதானம்.

"யோசிச்சுப் பாத்தேன் சார். ரெண்டு பேர்ல ஒருத்தர் போயிட்டோம், ஒருத்தர் இருக்கோம். அது அவனுக்குத் தெரியும். அழுதுட்டான், சாப்பாடு போடுறான், ஆறிட்டு வரான். போனது நானாவே இருந்துட்டுப் போறேன். அவ இருக்கட்டும்."

"ஆள் மாறியிருக்கே சார்."

"மாறினா என்ன? என்கிட்ட அவன் என்னத்தைப் பேசியிருக்கான்? எல்லாம் அவகிட்டத்தான். மறுபடி அவனை மொதல்லேர்ந்து அழ வைக்கணுமா?"

"இது பொய்" என்றேன்.

"நான் ஒண்ணும் சொல்லலையே. பேங்க்தானே சொல்லுச்சு."

என் மனைவி காபியை அவர் முன்னால் வைத்துவிட்டு, "அண்ணே, பெத்த பிள்ளைகிட்ட அம்மா சாவை மறைக்கிறது பாவம். இன்னைக்கே சொல்லிடுங்க" என்றாள். அவர் தலையை ஆட்டினார். காபியைக் குடித்தார். சொல்லவில்லை.

ஐந்தாம் தேதி படிவத்தோடு வந்தார். நான் வழக்கம்போல நிரப்பினேன். கடைசியில் ஒரு பகுதி உண்டு: பெறுபவருக்குச் செய்தி. நான்கு வரி, வரிக்கு முப்பத்தைந்து எழுத்து. பெரும்பாலும் காலியாகவே போகும். அவர் அதில் விரலை வைத்தார்.

"இதுல அம்மான்னு போடுங்க சார்."

படிவத்தில் தெரிந்தே ஒரு பொய்யை நான் எழுதியதில்லை. மற்றவர்கள் எழுதியதைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவதே என் தொழிலாக இருந்தது. ஆனால் அந்தக் கட்டத்துக்கு விதிமுறையில் எந்தத் தடையும் கிடையாது. அனுப்புபவர் எதை வேண்டுமானாலும் எழுதலாம். இந்த ஓட்டையைக் கண்டுபிடித்த அடுத்த கணம் என் கை எழுதிவிட்டது. ஆங்கில எழுத்தில் நான்கே எழுத்து. கையெழுத்து போடும் இடத்தில் அவர் தன் பெயரைப் போட்டார்.

"நல்லா இருக்கு" என்றாள் என் மனைவி, அவர் போன பிறகு. "செத்தவர் கையெழுத்து, உயிரோட இல்லாதவ செய்தி, நடுவுல உங்க கையெழுத்து மட்டுந்தான் குறை."

அதற்குப் பிறகு அவரிடம் சில மாற்றங்களைக் கவனித்தேன். வாசலில் மாட்டுவதற்காக வாங்கி வைத்திருந்த பெயர்ப் பலகையை மாட்டவில்லை. கூரியர்காரன் பெயர் கேட்டால் வீட்டு எண்ணைச் சொன்னார். அடுத்த அமாவாசைக்கு என்னிடம் சொல்லாமலேயே கூடத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். பரிமாறுபவர், "போன மாசமும் வந்தேளே, அவாளுக்கு உறவா?" என்று கேட்டாராம். "தூரத்து உறவு" என்றாராம். இதை என்னிடம் சொல்லும்போது முதன்முறையாக அவர் சிரித்ததைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அதற்கு இரண்டரை வாரம் கழித்து ஒரு மத்தியானம் படியில் இறங்கி வந்தார். சட்டையின் பொத்தான் மாறியிருந்தது. கையில் பூப் போட்ட உறையில் ஒரு போன். மனைவியுடையது.

"சார், மேல எதையோ பண்ணிட்டேன், பாருங்களேன்."

பீரோவைத் திறந்திருக்கிறார். சார்ஜ் போட்டிருக்கிறார். பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்த வைஃபை பெட்டியில் அது தானாக ஒட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்ததெல்லாம் வந்து விழுந்திருக்கிறது. மகன் அம்மாவுக்கு எழுதிய மெசேஜ்கள். இவர் திறந்து படித்துவிட்டார்.

என்னிடம் நீட்டினார். வாங்கினேன். அம்மா எங்க இருக்கீங்க. அம்மா அப்பாவுக்கு என்ன ஆச்சு. அம்மா ஒரு தடவை எடுங்க. பர்மிட் புதுப்பிக்கக் குடுத்திருக்கேன், இப்ப கிளம்பினா திரும்ப உள்ள விட மாட்டாங்க, அதான் வரலை, அது காரணமில்லன்னு எனக்கே தெரியும். பிறகு நாள்கள் இடைவெளி விட்டு, சின்னச் சின்னதாக. இன்னைக்கு ரசம் வெச்சேன். குளிர் ஆரம்பிச்சிருச்சு. வேலை கிடைச்சிருச்சும்மா. நீங்க திட்டிட்டாவது போங்க. கடைசியாக வந்தவற்றில் ஒன்று: பணத்துல அம்மான்னு போட்டிருந்தீங்களே, பஸ்ல உக்காந்து அழுதுட்டேன்.

எல்லாவற்றுக்கும் பக்கத்தில், படித்தாயிற்று என்ற அடையாளம் அவன் போனில் இப்போது விழுந்திருக்கும். இத்தனை மாதம் அசையாமல் கிடந்த ஒரு பெயர், அங்கே ஒரு பேருந்திலோ அறையிலோ இருக்கிறவனுக்கு, ஒரே நிமிஷத்தில் அத்தனையையும் படித்து முடித்திருக்கிறது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அதிர்ந்தது. புதிதாக ஒன்று.

படிச்சிட்டீங்களா அம்மா?

கீழே வைக்கவும் தோன்றவில்லை, பிடித்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. என் கையில் இருந்தது அந்த அம்மாளின் போன். நான் அந்த அம்மாளைப் பார்த்ததே இல்லை. அடுத்தது வந்தது.

சரி, பேச வேணாம். படிச்சீங்கல்ல, போதும். பர்மிட் வந்திருச்சு. டிக்கெட் போடுறேன். அமாவாசைக்கு நானே வந்து அப்பாவுக்குப் பண்றேன்.

அவரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்பவே சொல்லணும்" என்றேன். "ஏறுறதுக்கு முன்னாடி. இல்லைன்னா நான் சொல்லுவேன்."

"சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்."

"என்னன்னு சார் சொல்லுவீங்க? அந்த நாலு எழுத்து யாரு எழுதினதுன்னு கேட்டான்னா?"

என்னிடம் எல்லாக் கேள்விக்கும் பதில் உண்டு என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைப் பூ உறையோடு நெஞ்சுப் பையில் வைத்துக்கொண்டார். பேனா இருந்த இடம்.

"வர வரைக்கும் அவ இருக்கட்டும் சார். பத்து நாள்தானே. நேர்ல நானே சொல்லிடறேன். இந்தத் தடவை போன்ல சொல்ல மாட்டேன்."

அந்தப் பத்து நாளும் நானும் சொல்லவில்லை. மகனின் எண் எனக்குத் தெரியும், படிவத்தில் இருக்கிறது. இரண்டு முறை எடுத்து முழுதும் டயல் செய்துவிட்டு அழித்தேன். என் மனைவி என்னோடு அதிகம் பேசவில்லை. மாடியில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கும். பகலிலேயே. பிறகு நிற்கும்.

வரும் நாளையும் விமானத்தையும் கூடத்து மேனேஜரிடம் அவன் சொல்லியிருந்தான். தர்ப்பணம் செய்துவைக்க வாத்தியாருக்கு ஏற்பாடு செய்யச் சொல்லி எழுதியபோது. கொழும்பு வழியாக, மத்தியானம் இறங்குகிற விமானம். திருச்சி புது டெர்மினலுக்கு டாக்சியில் போனோம். அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பாலக்கரையைத் தாண்டும்போது, "சார், மொத வார்த்தை என்ன சொல்றது?" என்று கேட்டார்.

"பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க."

"அப்புறம்?"

"அப்புறம் அம்மா இல்லைன்னு சொல்லுங்க. உடனே. உக்காந்து பேசலாம், வீட்டுக்குப் போயிப் பேசலாம்னு எல்லாம் ஆரம்பிக்காதீங்க."

அவர் அதைத் தனக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். உதடு அசைந்தது.

வெளிவரும் வாசலில் கூட்டம் குறைவு. சிங்கப்பூர் விமானத்தில் வந்தவர்கள் வண்டி வண்டியாகப் பெட்டி தள்ளிக்கொண்டு போய் முடித்திருந்தார்கள். நாங்கள் கம்பித் தடுப்பின் ஓரமாக நின்றோம். கண்ணாடிக் கதவு திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அவர் அரை அடி முன்னால் போனார், பிறகு பின்னால் வந்தார். ஒரு தடவை என் முழங்கையைப் பிடித்தார்.  

அவன் வந்தான். ஒரே ஒரு பை, தோளில். அப்பாவின் தாடை. தலை முடியை ஒட்ட வெட்டி, காரியத்துக்குத் தயாராக வந்தவன் போல இருந்தான். கூட்டத்தை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவன் எங்களிடம் வந்ததும் நின்றுவிட்டான். பின்னால் வந்தவர் அவன் மேல் இடித்துக்கொண்டு, "பாத்துப் போங்க தம்பி" என்றார். அவன் காதில் விழவில்லை.

மாடி வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நன்றாகத்தான் கூப்பிட்டார், குரல் உடையாமல்.

மகன் அவரைப் பார்த்தான். அந்த முகத்தில் பயம் வந்தது. பயம் விலகி வேறொன்று வந்தது. கணக்குப் போடுகிற முகம். செலாவணி மேஜையில் எத்தனையோ பேரிடம் நான் பார்த்தது. ஒரு பக்கம் கூடியிருந்தால் இன்னொரு பக்கம் எங்கே குறைந்தது என்று தேடுகிற முகம்.

பிறகு அவன் கண்கள் அப்பாவை விட்டு நகர்ந்தன. அவருடைய இடது பக்கம் பார்த்தான், அங்கே நான் நின்றிருந்தேன். வலது பக்கம் பார்த்தான். அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தான். நாற்காலி வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்களை, ஒவ்வொருவராக, முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே போனான். வரிசை முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.